சமூகத் தோட்டம்: பயிலரங்குக்கு வருகிறவர்கள் தொண்டூழியர்களாக நிலைக்க என்ன செய்யலாம்?

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்) – சனிக்கிழமை, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சமூகத் தோட்டத்தை நீண்ட காலம் பார்த்துவந்த பெரியவர் முதுமை காரணமாக ஓய்வெடுத்துக்கொண்டதால், சென்ற ஆண்டு முதல் அந்தப் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். பதினான்கு பாத்திகள், ஒரு பாகற்பந்தல், இரண்டு மக்குத் தொட்டிகள், ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், இவ்வளவுதான் தோட்டம். ஆனால் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்றால், வேலைக்குக் கிளம்பும் பாதிப் பேர் வேலியோரம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

என் கவலை இதுதான். ஆறு மாதங்களில் நான்கு பயிலரங்குகளை நடத்தினோம். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து, முப்பது பேர் வந்தார்கள். சிறு தொட்டியில் நாற்று நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், தொட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் இப்போது அறுபது பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மண்வெட்டியைக் கையில் எடுக்க வருவது பழைய நால்வர் மட்டுமே. அவர்களில் மூவர் எழுபது வயதைக் கடந்தவர்கள்.

தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்னும் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தத் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உருவாகியிருக்கின்றன. ஆகவே இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்திருக்க முடியாது. உங்கள் தோட்டங்களில் எதைச் செய்து பார்த்தீர்கள், எது நிலைத்தது என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

வெண்டைப்பாத்தி – சனிக்கிழமை, இரவு 10.45

ஈரமண், உங்கள் பதிவைப் படித்தபோது எங்கள் தோட்டத்தின் ஐந்தாண்டுக்கு முந்தைய நிலை அப்படியே கண்முன் வந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிலரங்கு, வந்தவரைத் தோட்டத்திலிருந்து வழியனுப்பி வைக்கும் பயிலரங்கு. அவர் அக்கறை கொள்ள வேண்டிய செடி அவருடைய வீட்டு நடைவழியில் இருக்கும்போது, அவர் எதற்காகக் கீழே இறங்கி வரவேண்டும்? செடி தோட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றும் கடமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

நாங்கள் அதன் பிறகு முறையை மாற்றினோம். பயிலரங்குக்கென்று தனியாகப் பொருள் தேடுவதில்லை. அந்த வாரம் தோட்டத்தில் எந்த வேலை நின்றுபோயிருக்கிறதோ அதுவே பயிலரங்கு. பந்தல் கட்ட வேண்டுமென்றால் பந்தல் கட்டக் கற்றுக்கொடுப்போம். பாத்தியில் மண் இறுகிவிட்டதென்றால் மண் கொத்தி மக்கு உரம் கலப்பது எப்படி என்று காட்டுவோம். முடிந்தவுடன், விருப்பமுள்ளவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து அரைப் பாத்தியும், வாரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு நாளும் கொடுத்துவிடுவோம். நாளைக் குறிக்காமல் ‘முடிந்தபோது வாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முடிந்தபோது என்கிற நாள் யாருடைய நாட்காட்டியிலும் இல்லை.

முதல் பயிரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். புதியவர்கள் வெண்டையும் கத்தரியும்தான் கேட்பார்கள். வெண்டை முதல் காய் தர ஏறக்குறைய 45 முதல் 50 நாட்கள் ஆகும். கத்தரிக்கு அதைவிடவும் நீண்ட காலம். அவ்வளவு நாள் பொறுமை இராது. வள்ளைக்கீரையும் தண்டுக்கீரையும் 25, 30 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். நட்ட ஒரு மாதத்துக்குள் ஒரு கட்டுக் கீரையைக் கையில் எடுத்துச் சென்றவர் மறுமாதமும் வருவார். தவிர, அடுக்குமாடிகளின் நிழலில் இருக்கும் பாத்திகளுக்குக் கீரைதான் பொருந்தும். நாளுக்கு நான்கு மணிநேர வெயில் கீரைக்குப் போதும். காய்த்துத் தர வேண்டிய செடிக்கு ஆறு மணிநேரமாவது வேண்டும். நிழற்பாத்தியைப் புதியவருக்குக் கொடுத்து அதில் வெண்டையையும் நடச் சொன்னால், பூக்காத செடியைப் பார்த்துத் தன் கைதான் ராசியில்லை என்று நினைத்து அவர் ஒதுங்கிவிடுவார். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவரை இழந்தோம்.

நேர்க்கோடு – ஞாயிற்றுக்கிழமை, காலை 7.05

கூட்டுப்பாத்தி முறையே இந்தச் சிக்கலின் வேர் என்பது என் கருத்து. எல்லாருக்கும் சொந்தமான பாத்தியை யாரும் கவனிப்பதில்லை. பூங்காக் கழகமே 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட தனிப்பாத்திகளைப் பூங்காக்களில் மூன்றாண்டுக் காலத்துக்கு வாடகைக்குக் கொடுத்து வருகிறது. அவற்றுக்கு எப்போதும் கேட்பு அதிகமாகவே இருக்கிறது. தனக்கென்று ஒரு பாத்தி இருந்தால் மனிதர்கள் மழையிலும் வருவார்கள். உங்கள் பதினான்கு பாத்திகளையும் பதினான்கு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டால், தொண்டூழியர்களைத் தேடி அலைய வேண்டிய தேவையே இராது.

ஈரமண் – ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30

நேர்க்கோடு ஐயா, உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எங்கள் இடத்துக்கு அது பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இந்தத் தோட்டத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. பதினான்கு குடும்பங்களுக்கு மட்டும் பாத்தி கிடைத்தால், மற்ற அனைவருக்கும் அது வேலி போட்ட இன்னொருவருடைய நிலமாகிவிடும். வசிப்போர் குழுவும் நகர மன்றமும் இந்த இடத்தை எங்களிடம் ஒப்படைத்தது எல்லாரும் கலந்து பழகட்டும் என்பதற்காகவே. பூங்காவில் வாடகைக்குப் பாத்தி எடுப்பது வேறு. வீட்டு வாசலில் இருக்கும் பொது இடம் வேறு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பு பப்பாளியும் பாகற்காயும் அடிக்கடி காணாமல் போனதால் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி இருவரிடம் மட்டும் இருந்தது. அந்த நாளிலிருந்துதான் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள் என்று பழைய தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் வருத்தத்துடன் சொன்னார். காயைக் காப்பாற்றிவிட்டு ஆட்களை இழந்திருக்கிறோம்.

சங்குப்பூ – ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.10

பூட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் வேலிக்கு வெளியே ஒரு நீண்ட பாத்தியைத் திறந்தே விட்டிருக்கிறோம். அதில் கறிவேப்பிலை, பாண்டான் (ரம்பை இலை), சேரை (எலுமிச்சைப்புல்), சங்குப்பூ, லக்சா இலை ஆகியவை வளர்கின்றன. யார் வேண்டுமானாலும் சமையலுக்கு ஒரு கொத்துக் கிள்ளிக்கொள்ளலாம் என்று நான்கு மொழிகளிலும் எழுதி வைத்திருக்கிறோம். கறிவேப்பிலைக்கு நம்மவர்கள் வருகிறார்கள். சங்குப்பூவைப் பலகாரத்துக்கு நிறமூட்டுவதற்காக மலாய்க்காரப் பெண்கள் பறிக்கிறார்கள். பாண்டான் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. இலை கிள்ள வந்த ஒருவரிடம் ‘இந்தச் செடிக்கு இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்ற முடியுமா’ என்று கேட்டதில்தான் எங்கள் இப்போதைய தொண்டூழியர்களில் பலர் வந்து சேர்ந்தார்கள். பயிலரங்கு அறிவிப்பைப் பார்த்து வந்தவர்களைக் காட்டிலும் இவர்களே நிலைத்தார்கள்.

அடுத்து, ஒவ்வொரு வாரமும் வந்தாக வேண்டும் என்பதற்கு ஓர் உண்மையான காரணம் தேடுகிறீர்கள் என்றால், அது கொசு. நான் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். டெங்கி நோயாளிகளைப் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். இருபது காசு நாணய அளவு தேங்கிய நீரே அதற்குப் போதுமானது. வாரந்தோறும் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். இரண்டு வாரம் விட்டால் அறுக்க முடியாது. தொட்டிகளின் அடித்தட்டுகள், பூவாளி, கவிழ்க்காமல் விட்ட வாளியின் விளிம்பு ஆகியவற்றைப் பலரும் பார்த்துவிடுவார்கள். பந்தலுக்கு நட்ட மூங்கிலின் மேல்முனைத் துளையையும் தொட்டியில் இறுகிப்போன மண்ணின் மேல் நிற்கும் நீரையும்தான் தவறவிடுவார்கள். மூங்கில் துளையில் மணலை நிரப்பி அடைக்க வேண்டும். இறுகிய மண்ணைக் கிளறிவிட வேண்டும். தட்டுகளில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

இந்தச் சுற்றுக்கு இருபது நிமிடங்கள் ஆகும். முதுகு வளைய முடியாதவர்களும் செய்யலாம், செடிகளைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் செய்யலாம். புதிதாக வரும் எவருக்கும் நாங்கள் கொடுக்கும் முதல் வேலை இதுதான். தோட்டத்தின் ஒவ்வொரு மூலையையும் அவர்கள் இதன் வழியாகவே அறிந்துகொள்கிறார்கள்.

ஞாயிறு மட்டும் – ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.50

அக்காமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம். நான் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு தோட்டத்தின் வேலியோரம் நின்று கத்தரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்த பெரியவர் கூப்பிட்டு, ‘இவை ஏன் வாடுகின்றன, உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டார். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தலைசாய்ந்திருந்தது. தண்டின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் இருந்த தெளிந்த நீரில் அசையாமல் தொங்கவிட்டோம். சிறிது நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்போன்ற இழை நீரில் இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்து அடித்துப் பயனில்லை. அந்த மண்ணில் மீண்டும் கத்தரி, தக்காளி, மிளகாய் நட்டால் மீண்டும் வரும்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குச் சுண்டையின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுவார்கள். சுண்டையின் வேர் இந்த நோயைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இங்கே மலாய்க்காரர்கள் தெரொங் பிப்பிட் என்று சொல்வதும் அதே சுண்டைதான். வெற்றிடங்களில் தானாகவே முளைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சுண்டை விதை மெதுவாக முளைக்கும் என்பதால் அதை முதலில் விதைத்து, இரண்டு, மூன்று வாரம் கழித்துக் கத்தரியை விதைக்க வேண்டும். இரண்டின் தண்டும் ஏறக்குறைய ஒரே பருமனாக, பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி அளவுக்கு வந்ததும், சுண்டையின் தலையை வெட்டிவிட்டு நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் பிளக்க வேண்டும். கத்தரியின் நுனிப்பகுதியை ஆப்பு வடிவில் இருபுறமும் சீவி அந்தப் பிளவில் செருகி, கவ்வி போட்டு, ஒரு வாரம் நிழலில் ஈரப்பதம் குறையாமல் மூடிவைக்க வேண்டும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அது மண்ணில் புதைந்தால் கத்தரித் தண்டிலிருந்தே புதிய வேர் இறங்கிவிடும். பிறகு ஒட்டுக்கட்டியதற்குப் பொருளில்லை.

அந்தப் பெரியவருக்கு நான் செய்து காட்டியபோது ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஊரில் அப்பாவிடம் கற்றது இங்கே ஒருவருக்குப் பயன்பட்டதே என்று அன்று இரவு வீட்டுக்கு நெடுநேரம் பேசினேன். ஈரமண் அக்கா அனுமதித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக்கும் வந்து செய்து காட்ட விரும்புகிறேன். வார நாட்களில் என்னால் வர இயலாது.

வெண்டைப்பாத்தி – ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.30

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் கத்தரிகள் இதே போல் விழுந்துகொண்டிருந்தன. தண்ணீர் கூடிவிட்டது என்று நாங்கள் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். நாளைக் காலையே குவளைச் சோதனையைச் செய்து பார்க்கிறேன். ஈரமண், பயிலரங்கு நடத்துபவர் வெளியிலிருந்து வர வேண்டும் என்று நாம் ஏன் எப்போதும் நினைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுள் எத்தனை விவசாயிகள் இருக்கிறார்களோ!

மக்குத்தொட்டி – திங்கட்கிழமை, காலை 6.40

மக்கு உரத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. என் அனுபவத்தில், தொண்டூழியர்களைச் சேர்ப்பதற்கும் விரட்டுவதற்கும் மக்குத் தொட்டியைப் போல வேறொன்று இல்லை. எங்கள் தொட்டியிலிருந்து வந்த நாற்றத்தால் முதல் மாடியில் குடியிருந்தவர்கள் முறையிட்டு, ஓர் ஆண்டு அதை மூடியே வைத்திருந்தோம். குற்றம் எங்களுடையதே. ‘சமையலறைக் கழிவைக் கொண்டு வாருங்கள்’ என்று மட்டும் அறிவித்தோம். எதைக் கொண்டுவரக்கூடாது என்று சொல்லவில்லை. மீன் முள்ளும் மிஞ்சிய சோறும் எண்ணெய் தோய்ந்த கறியும் வந்து சேர்ந்தன. எலி வந்தது.

மீண்டும் தொடங்கியபோது சமைக்காத காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, காப்பிக்கடையிலிருந்து வாங்கிய காப்பித்தூள் சக்கை ஆகியவற்றை மட்டும் ஏற்றோம். ஒரு வாளி ஈரக்கழிவைக் கொட்டினால் இரண்டு, மூன்று வாளி உலர்ந்த சருகை மேலே போட்டு மூட வேண்டும் என்பது விதி. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் விரைவில் மக்கும். பாதாம் மரத்தின் பெரிய இலைகளை நறுக்காமல் போட்டால் தோல்போல் படிந்து காற்றை அடைத்துவிடும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் சருகைச் சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது என்று பொருள். குவியல் சரியாக அமைந்தால் உட்புறம் 55 பாகைக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகள் பலவும் மடியும். ஆனால் ஒரு கன மீட்டருக்குக் குறைந்த சிறு தொட்டியில் சூடு தங்காது. அதனால் நோய்ப்பட்ட செடிகளை, குறிப்பாக மேலே தம்பி சொன்ன வாடிய கத்தரிகளை, தோட்டத்து மக்குத் தொட்டியில் போடவே கூடாது.

எங்கள் புதன்கிழமை மாலைப் பயிலரங்கு மக்கைக் கிளறுவது மட்டுமே. ஒரு நீண்ட வெப்பமானியைக் குவியலுக்குள் செருகி, சுவரில் ஒட்டிய தாளில் அன்றைய சூட்டைக் குறிப்போம். எட்டாவது மாடியில் இருக்கும் ஒரு சிறுவன் அந்த எண்ணைப் பார்ப்பதற்காகவே தன் தாத்தாவை இழுத்துக்கொண்டு வருகிறான். தாத்தாவின் கையில் எப்போதும் ஒரு பை வாழைப்பழத் தோல் இருக்கும்.

நேர்க்கோடு – திங்கட்கிழமை, பிற்பகல் 1.15

மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிகள் தொண்டூழிய மணிநேரத்துக்காக நாற்பது பிள்ளைகளை ஒரே காலையில் அனுப்பிவைக்கும்போது, தோட்டத்துக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம். மிதிபடாத பாத்தி இராது. ஐந்து பிள்ளைகள் எட்டு வாரம் தொடர்ந்து வரட்டும் என்று பள்ளியிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பள்ளி முதலில் தயங்கியது. ஒரு பருவம் நடத்திப் பார்த்த பிறகு அவர்களே அதை விரும்புகிறார்கள். விதைத்த பிள்ளையே அறுக்கவும் வேண்டும் அல்லவா?

பெயர் வேண்டாம் – திங்கட்கிழமை, இரவு 11.05

நான் ஒரு தோட்டத்திலிருந்து விலகியவள். நிலைத்தவர்களின் கருத்துகளையே எல்லாரும் எழுதுவதால், விலகியவளின் காரணத்தையும் சொல்லலாம் என்று தோன்றியது.

மாமியாருக்கு வாய்ப்புண் அடிக்கடி வரும் என்பதால் மணத்தக்காளி வளர்க்க விரும்பி ஒரு தோட்டத்தில் சேர்ந்தேன். கொடுத்த அரைப் பாத்தியில் நட்டேன். வாரம் மூன்று நாள், அலுவலகம் முடிந்து வந்து, இருட்டும் நேரத்தில் தண்ணீர் ஊற்றினேன். பூ விட்டுக் காய் பிடிக்கும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால் பாத்தி வெறுமையாக இருந்தது. மூத்த தோட்டக்காரர் ஒருவர் அது களை என்று எண்ணி, எனக்கு உதவுவதாக நினைத்து, ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டிருந்தார். அவர் சமையலில் அந்தச் செடிக்கு இடமில்லை. அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நான் பேசிய மொழி அவருக்குப் புரியவில்லை, அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. நடுவில் நின்று இருவருக்கும் எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. பொறுப்பாளர் ‘இன்னொன்று நட்டுக்கொள்ளுங்கள்’ என்றார். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

ஒரு சிறு பலகையில் செடியின் பெயரும் என் வீட்டு எண்ணும் எழுதி ஊன்றியிருந்தால் நான் இன்றும் அங்கே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். விதைப்பதற்கும் உரமிடுவதற்கும் பயிலரங்கு வைக்கிறீர்கள். ஒருவர் வீட்டுக் கீரையை இன்னொருவருக்கு அறிமுகம் செய்வதற்கும் ஒரு காலை ஒதுக்க முடியுமா?

சங்குப்பூ – செவ்வாய்க்கிழமை, காலை 6.15

சகோதரி, உங்கள் பதிவு என்னை உலுக்கிவிட்டது. எங்கள் தோட்டத்திலும் பொன்னாங்கண்ணியை ஒரு முறை இப்படிப் பிடுங்கியிருக்கிறோம். பிடுங்கியவர்களில் நானும் ஒருத்தி.

கீரை அறிமுகம் என்பது மிக நல்ல யோசனை. ஒரே கீரை மூன்று பெயர்களில் வாழ்கிறது என்பதை அறியும்போது மக்களின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். வள்ளைக்கீரைதான் காங்கோங், தண்டுக்கீரையைத்தான் மலாயில் பாயம் என்கிறார்கள், நம்மூரில் தவசிக்கீரை என்பது இங்கே சாயோர் மானிஸ். ஆனால் சுவைக்கக் கொடுக்கும் பயிலரங்குகளில் கவனமாக இருங்கள். தவசிக்கீரையைச் சமைத்து அளவோடு உண்பதே வழக்கம். 1990களில் தைவானில் உடல் இளைக்க வேண்டுமென்று அதைப் பச்சையாகச் சாறெடுத்து நாள்தோறும் குடித்தவர்கள் பலர் கடுமையான நுரையீரல் பாதிப்புக்கு உள்ளானார்கள். மணத்தக்காளியின் பச்சைக் காய்களையும் அப்படியே தின்னக் கொடுக்கக்கூடாது; பழுத்தபின் தின்னலாம், காயென்றால் சமைத்தோ வற்றல் போட்டோ உண்ணலாம். ஒவ்வொரு பலகையிலும் பெயருக்குக் கீழே எந்தப் பகுதியை எப்படி உண்பது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஈரமண் – ஒன்பது வாரங்களுக்குப் பிறகு, சனிக்கிழமை, பிற்பகல் 2.40

இந்த இழையைத் தொடங்கிவிட்டு இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு வருந்துகிறேன். செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் பூட்டை எடுத்தோம். இதற்குப் பழைய நால்வரின் ஒப்புதலைப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. இரண்டு கூட்டங்கள் நடத்தினோம். ஒருவர் கண் கலங்கினார், ஏனென்றால் அந்த வேலியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். முடிவில், காலை ஏழு முதல் இரவு ஏழு வரை கதவு திறந்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். சங்குப்பூ சொன்னபடி வெளிப்புறமாகத் திறந்த பாத்தி ஒன்றையும் அமைத்தோம். இதுவரை ஒரு பப்பாளி போயிருக்கிறது; கறிவேப்பிலையை ஒருவர் கிளையோடு ஒடித்துவிட்டார். இவ்வளவுதான் இழப்பு.

பிறகு கீரை அறிமுகக் காலை. ஒவ்வொருவரும் தம் வீட்டில் சமைக்கும் ஒரு கீரையையோ தழையையோ கொண்டுவந்து, பெயரையும் சமைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். மூன்று மொழிகளிலும் தடுமாறாமல் பேசக்கூடிய ஒரு மலாய்க்காரப் பாட்டி, யாரும் கேட்காமலேயே நடுவில் நின்று மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். நான் திட்டமிட்டிருந்த ஒன்றரை மணிநேரம் மூன்று மணிநேரமாகியது. பலகைகளை அன்றே எழுதி ஊன்றினோம். ‘பெயர் வேண்டாம்’ என்ற பெயரில் எழுதிய சகோதரி இதைப் படித்தால், எங்கள் ஏழாவது பாத்தியில் மணத்தக்காளி நின்றுகொண்டிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளட்டும்.

இருபத்திரண்டு பேர் அரைப் பாத்திகளுக்குப் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் இன்றுவரை குறித்த நாளில் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஐந்து பேர் விட்டுவிட்டு வருகிறார்கள், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நின்றுவிட்டவர்களில் நால்வரின் பாத்திகள் எல்லாம் இரண்டாம் கட்டடத்தின் நிழலில் இருப்பவை என்பதை வெண்டைப்பாத்தி எழுதியதை நினைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவற்றில் இப்போது வள்ளைக்கீரை போட்டு, வெயில் படும் பாத்தியில் இருப்பவர்களோடு ஜோடி சேர்த்திருக்கிறேன். நேர்க்கோடு ஐயா, உங்கள் வாதத்தையும் முழுவதுமாக ஒதுக்கவில்லை; இரண்டு பாத்திகளை ஆறு மாதத்துக்கு ஒரு குடும்பம் என்று சுழற்சி முறையில் விட்டிருக்கிறோம். பள்ளியிடமும் பேசினேன். அடுத்த பருவத்திலிருந்து ஆறு பிள்ளைகள் எட்டு வாரங்களுக்கு வருவார்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் எழுத வேண்டும். கொசுச் சுற்றை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் கவனிக்காமல் இருந்தேன். அவர் பத்து நாள் வெளிநாடு சென்றபோது மாற்று ஆளை ஏற்பாடு செய்யவில்லை. பழைய பூவாளி ஒன்றில் புழுக்களைக் கண்டோம். அதன் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இருவர் பெயரை எழுதுகிறோம். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் செய்தாக வேண்டும்.

‘ஞாயிறு மட்டும்’ தம்பி சொன்னபடியே சுண்டை விதைகளை முதலிலும், மூன்று வாரம் கழித்துக் கத்தரி விதைகளையும் விதைத்தோம். சுண்டை பன்னிரண்டாம் நாளில்தான் முளைத்தது. அதற்குள் பழைய நால்வரும் நாள்தோறும் என்னைக் கேட்டு அலுத்துவிட்டார்கள். இப்போது இரண்டின் தண்டும் கரிக்குச்சிப் பருமனுக்கு வந்துவிட்டன. நாளை அல்ல, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் வருகிறார். மதிய உணவு எங்கள் வீட்டில். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வர விரும்புகிறவர்கள் வரலாம். நாற்று நாற்பது இருக்கிறது. ஆளுக்கு ஒரு புதிய சவரத் தகடு மட்டும் கொண்டு வாருங்கள்; கவ்விகளை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.

வெண்டைப்பாத்தி – சனிக்கிழமை, பிற்பகல் 3.05

எங்கள் தோட்டத்திலிருந்து ஐவர் வருகிறோம். குவளையில் பால் இழை இறங்கியது. தம்பி சொன்னது சரி. வாடிய செடிகளை மக்கில் போடாமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டோம். ஒட்டுச் செடிகளை ஒரு வாரம் மூடிவைக்க ஒளி ஊடுருவும் பெரிய பெட்டிகள் மூன்று எங்களிடம் இருக்கின்றன. அவற்றையும் எடுத்து வருகிறேன்.